துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு போட்டியில், 50 மீட்டர் ப்ரோன், அதாவது படுத்துச் சுடும் பிரிவில், 60 குண்டில் 22 ஒன்பதும் 4 எட்டும் போட்டேன். மீதி எல்லாம் முழுப் புள்ளியான பத்து. மொத்தம் 600க்கு 570. முந்தின வாரம் பயிற்சியில் அதே ரைபிளில் 590 சுட்டிருந்தேன், ஒரு எட்டுகூட இல்லை. உடம்பு நன்றாக இருந்தது, மூச்சு சீராக இருந்தது, காற்றும் பெரிதாக இல்லை. மாறியது ஒன்றுதான். போட்டியாயிற்றே, தோட்டா உசத்தியாக இருக்கட்டும் என்று கிளப்பில் இருந்ததிலேயே விலை கூடிய பெட்டியை எடுத்தேன். அன்று காலையில்தான் அதை முதல் முறையாகப் பிரித்தேன்.

அன்று சாயங்காலம் காசிமேட்டில் வீட்டு மாடியில் உட்கார்ந்து அழுதது நினைவிருக்கிறது. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வியாசர்பாடியில் முப்பது வருடம் லேத் ஓட்டியவர் அவர். துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கேட்ட கேள்வி சரியாக இருந்தது: "புது மெட்டீரியல் வந்தா ஒரு பீஸ் ஓட்டிப் பாக்காம யாராச்சும் ஆர்டர எடுப்பாங்களா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் நான் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். ரைபிள் சுடுதலில் புதிதாக இறங்கும் பிள்ளைகள் வடசென்னையில் இப்போது நிறையப் பேர். பிடி, மூச்சு, டிரிக்கர் எல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். தோட்டாவைப் பற்றி மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

நான் முதலில் சுட்டது கல்லூரி என்.சி.சி.யில். பாயிண்ட் டூ டூ (.22) ரைபிள், 25 கெஜம், கையில் கொடுக்கிற தோட்டா. எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்று கேட்கிற வழக்கமே கிடையாது. ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தால் கைதட்டுவார்கள். அதனால் தோட்டா எதுவானாலும் ஒன்றுதான் என்று மனதில் பதிந்துவிட்டது. அந்தத் தூரத்தில் அது ஓரளவு உண்மையும்கூட. தூரம் கூடும்போதுதான் பொய்யாகிறது.

எப்படி என்று கணக்கோடு சொல்கிறேன். போட்டிக்கான .22 தோட்டாவில், பறந்து போகும் ஈயக் குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். பாரலை, அதாவது குழலை விட்டு வெளியே வரும்போது வேகம் நொடிக்கு 330 மீட்டர் அளவில் இருக்கும். 50 மீட்டர் போய்ச் சேர அதற்கு ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். குறி பார்க்கும் சைட்டை அதற்கேற்ப வைத்திருப்பதால் நமக்குத் தெரியாது. இப்போது ஒரு தோட்டாவில் வெடிமருந்து கொஞ்சம் குறைந்து, வேகம் 10 மீட்டர் குறைகிறது என்று வையுங்கள். அந்தக் குண்டு இன்னும் 7 மில்லிமீட்டர் கீழே போய் விழும். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 10.4 மில்லிமீட்டர்தான். கை கொஞ்சமும் ஆடாமல், நடுவில் பிடித்துச் சுட்டாலும் குண்டு பத்தின் கோட்டை உரசிக்கொண்டுதான் விழும், இழையளவு ஆடினாலும் பத்து கைவிட்டுப் போகலாம். அதே குறை 25 கெஜத்தில் 2 மில்லிமீட்டர்கூட வராது. குண்டு போட்ட ஓட்டையே அதைவிடப் பெரிது. நான் என்.சி.சி.யில் வாங்கிய கைதட்டலில் பாதி அந்தக் குறைந்த தூரத்துக்குச் சேர வேண்டியது.

சரி, அப்படியானால் விலை கூடியதில் வேகம் சீராகத்தானே இருக்கும்? இருக்கும். ஆனால் என் ரைபிளின் பாரலுக்கு அது பிடிக்க வேண்டுமே! இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் கிளப்பில் ஒரு மூத்தவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பெட்டிகளை மேஜையில் வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே நிறம். "வித்தியாசம் கண்டுபிடிம்மா" என்றார். ஓரத்து மடிப்பில் சின்னதாக அச்சிட்டிருந்த எண் மட்டும் வேறாக இருந்தது. அதுதான் லாட் நம்பர். ஒரே ஓட்டத்தில், ஒரே மருந்து, ஒரே ஈயம், ஒரே மெழுகு வைத்துச் செய்த தோட்டாக்கள் எல்லாம் ஒரு லாட். அடுத்த ஓட்டத்தில் ஏதோ ஒன்று இழையளவு மாறும். ஈலி போன்ற கம்பெனிகள் அந்த லாட்டின் வேகத்தையே பெட்டியில் அச்சிடுகின்றன, நொடிக்கு 1052 அடி, 1061 அடி என்று. நான் ஆறு வருடமாகச் சுட்டும் அந்த எண்ணைத் திரும்பிப் பார்த்ததில்லை.

அவரோடு சேர்ந்து செய்த சோதனையைச் சொல்கிறேன், இதை யாரும் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கடற்காற்று கிளம்புவதற்கு முன். ரைபிளின் முன்பக்கத்தையும் தோளில் ஊன்றும் கட்டையையும் மணல் மூட்டையில் வைத்துப் படுத்துக்கொண்டேன். கிளப்பில் இருந்த நான்கு லாட்டில் லாட்டுக்கு ஒரு பெட்டி, ஐம்பது தோட்டா. ஒவ்வொரு லாட்டுக்கும் பத்துப் பத்தாக ஐந்து இலக்கு. லாட் மாற்றும்போது முதலில் இருபது குண்டாவது சும்மா மண்மேட்டில் சுட்டுவிட வேண்டும் என்றார், அதற்குத் தனியாகத் தோட்டா வைத்திருந்தார். ஒவ்வொரு கம்பெனியும் குண்டின் மேல் தடவுகிற மெழுகு வேறு. பழைய மெழுகு பாரலுக்குள் இருக்கும்வரை புதுத் தோட்டா தன் குணத்தைக் காட்டாது. போட்டியன்று காலை புதுப் பெட்டியைப் பிரித்து, மூன்று குண்டு போட்டுப் பார்த்துவிட்டு ஆட்டத்துக்குள் இறங்கியவள் நான். அந்த மெழுகுச் செய்தியைக் கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது.

முடிவுகளை அப்பாவின் வெர்னியரால் அளந்தோம். நான் போட்டியில் சுட்ட விலை கூடிய தோட்டா, பத்துக் குண்டுக் கூட்டம், அதாவது பத்து ஓட்டையும் சேர்ந்த பரப்பு, சராசரியாக 26 மில்லிமீட்டர் பரவியது. அதே கம்பெனியின் அதே பெயர், வேறு லாட், 17. விலையில் பாதிகூட இல்லாத இன்னொரு கம்பெனித் தோட்டாவில் ஒரு லாட், 15. நான்காவது நடுவில் எங்கேயோ இருந்தது. கிளப்பில் இன்னொரு பெண் தன் ரைபிளில் அதே நான்கையும் சுட்டாள். அவளுக்கு முதல் இடத்தில் வந்தது எனக்குக் கடைசியில் வந்தது! இரண்டும் ஒரே மாடல் ரைபிள்கள்தான்.

ஏன் என்று இதுவரை யாரும் எனக்கு முழுமையாக விளக்கியதில்லை. பாரலின் உள்ளளவு, தோட்டா உட்காரும் சேம்பரின் வாய், சுடும்போது பாரல் அதிரும் விதம் எல்லாம் சேர்ந்தது என்பார்கள். அப்பா மட்டும் ஆச்சரியப்படவில்லை. ஒரே மாடல் லேத் இரண்டில் ஒரே டூலைப் போட்டாலும் வெட்டு ஒன்றாக வராது என்றார்.

ஐந்து குண்டுக் கூட்டம் ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பதை அழுத்தமாகச் சொல்வேன். எந்தத் தோட்டாவும் ஒரு முறை அழகான கூட்டம் போடும். அந்த இலக்கைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐம்பது குண்டாவது வேண்டும். அதில் மிக நன்றாக வந்த கூட்டத்தைப் பார்க்காதீர்கள், மோசமானதைப் பாருங்கள். போட்டியில் உங்களை இறக்குவது அதுதான். கூட்டம் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் வேகம் சீரில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் நீண்டிருந்தால் முதலில் காற்றையும் உங்கள் டிரிக்கர் விரலையும் சந்தேகப்படுங்கள்.

பிடித்த லாட் கிடைத்துவிட்டால் கையிருப்புக்கு ஏற்ற அளவு அதையே மொத்தமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 500 தோட்டா கொண்ட ஒரு கட்டுக்கு எங்கள் பக்கம் பிரிக் என்பார்கள். எனக்கு ஆறு பிரிக் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அது தீரும்வரை கவலை இல்லை.

அப்பா அதோடு விடவில்லை. தோட்டாவை விளிம்பின் கனம் பார்த்துத் தரம் பிரிக்கலாம் என்று எங்கேயோ கேட்டுவிட்டு, டயல் கேஜை எடுத்துக்கொண்டு கிளப்புக்கே வந்துவிட்டார். .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள்தான் இருக்கிறது. அந்த விளிம்புதான் சேம்பரில் தோட்டாவைத் தாங்கியும் நிற்கிறது. அதனால் கனம் மாறினால் துப்பாக்கியின் ஊசி அதை அடிக்கும் விதமும் மாறும் என்பது கணக்கு. அவருடைய விரல்கள் லேத் எண்ணெய் ஏறிக் கறுத்துத் தடித்தவை. அந்த விரல்களுக்கு நடுவில் அரைச் சுண்டுவிரல் நீளமுள்ள தோட்டாவை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேஜின் முள் நிற்கும்வரை காத்திருப்பார். ஒரு மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும், சிலது நூறில் இரண்டு மூன்று பங்கு கூடும். இருநூறு தோட்டாவை ஐந்து டப்பாவாகப் பிரித்தார். சுட்டுப் பார்த்தோம். மலிவுத் தோட்டாவில் தனியாகத் தெறித்துப் போகும் குண்டுகள் சில குறைந்தன. நல்ல லாட்டில் ஒன்றும் மாறவில்லை. நேரம் இருப்பவர்கள் செய்யலாம். அந்த நேரத்தில் இன்னொரு லாட்டைச் சோதிப்பது மேல் என்பது என் எண்ணம். ஆனால் அந்த இரண்டு ஞாயிறும் அப்பா என்னோடு ரேஞ்சில் இருந்தார், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேகமான தோட்டா நல்லது என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. நொடிக்கு 380 மீட்டர் என்று போட்ட பெட்டியைப் பார்த்தால் கை தானாகப் போகும். 35 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் சுமார் 352 மீட்டர். 330இல் கிளம்பும் குண்டு கடைசிவரை ஒலிக்குக் கீழேயே அமைதியாகப் போகிறது. 380இல் கிளம்பும் குண்டோ வழியில் ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். அந்த இடத்தில் காற்று அதைக் குலுக்கும். நான் நம்பவே மறுத்த இன்னொரு விஷயமும் உண்டு. பக்கக் காற்றில் அந்த வேகமான .22 குண்டுதான் அதிகம் ஒதுங்குகிறது. காற்று தள்ளுவது, குண்டு போய்ச் சேரும் நேரத்தை மட்டும் பொறுத்ததல்ல, வழியில் அது எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒலியின் எல்லையைத் தாண்டும் குண்டு நிறைய இழக்கிறது.

காற்று படிப்பதில் காசிமேட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. தாத்தா கட்டுமரத்தில் போனவர். மேற்கிலிருந்து அடித்தால் கச்சான், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், வடக்கிலிருந்து வாடை என்று முகத்தைத் திருப்பியே சொல்வார். விசைப்படகுகளில் கட்டிய கொடிகளைப் பார்த்து வளர்ந்ததால் ரேஞ்சில் கட்டும் ரிப்பன் எனக்குப் புதிதாக இல்லை. மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று, நல்ல .22 குண்டையே 50 மீட்டரில் 2 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். பத்திலிருந்து எட்டுக்குப் போக அது போதும். எந்தத் தோட்டாவும் இதைச் சரிசெய்யாது.

அப்புறம் வெயில். அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் கிளப் பையை ரேஞ்ச் ஓரத்தில், நிழல் நகர்ந்துபோன இடத்தில் வைத்துவிட்டேன். பெட்டியைத் திறந்தபோது குண்டுகள் மேல் இருந்த மெழுகு இளகி, ஒன்றோடொன்று பிசுபிசுத்தன. கீழே சிந்திய இரண்டை எடுத்துப் பார்த்தால் மணல் ஒட்டியிருந்தது. அந்த மணல் பாரலுக்குள் போனால் உப்புத்தாள் தேய்ப்பதுபோல. அந்தப் பெட்டியைப் போட்டிக்கு வைத்துக்கொள்ளவில்லை. இப்போது தெர்மக்கோல் டப்பாவில் போட்டு, சுடுகிற ஐம்பதை மட்டும் வெளியே எடுப்பேன். கடலோர வீடுகளில் இருப்பவர்கள் உப்புக்காற்றையும் நினைவில் வைக்க வேண்டும். பித்தளைக் கேஸ் பச்சை பூத்திருந்தால் அதைச் சுடாதீர்கள். அடித்தும் வெடிக்காத தோட்டா வந்தால் பாரலை இலக்குப் பக்கமே வைத்து, அரை நிமிடம் காத்திருந்து, பிறகு பாரலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைத் திறக்கவும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் டீக்கடை வடையைத் தொடாதீர்கள்.

போன பொங்கலுக்குப் பெரியம்மா மகன், டெக்சாஸில் இருக்கிற அண்ணன், ஊருக்கு வந்திருந்தார். இதே மாடியில்தான் பேச்சு. அங்கே அவர் நண்பரின் பண்ணையில் காட்டுப்பன்றிகள் பயிரை உழுதுபோட்டுவிடுகின்றன. நிலத்துக்காரர் அனுமதி இருந்தால் தனியார் நிலத்தில் பன்றியைச் சுடுவதற்கு 2019 முதல் வேட்டை லைசென்ஸ்கூட அங்கே தேவையில்லை. அண்ணனிடம் இருப்பது செமி ஆட்டோமேட்டிக் ரைபிள், .308. "தங்கச்சி, முந்நூறு கெஜத்துக்கு எந்தத் தோட்டா நல்லது?" என்று கேட்டார். பெரிய தோட்டாவை நான் சுட்டதில்லை. அவர் சொன்னதையும், பிறகு கிளப் மூத்தவரிடம் நான் கேட்டுத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் வாங்கியிருந்தது 168 கிரெய்ன் போட்டித் தோட்டா. பேப்பரில் அருமையாகக் கூட்டம் போட்டது. பன்றியைச் சுட்டபோது குண்டு விரியாமல் ஊசிபோல் துளைத்துக்கொண்டு போய், அது புதருக்குள் ஓடிவிட்டது. இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லையாம். இதைச் சொல்லும்போது அண்ணன் குரல் இறங்கிவிட்டது. போட்டிக் குண்டு துளை போடுவதற்காகச் செய்தது. வேட்டைக் குண்டு உள்ளே போனதும் விரிந்து உடனே விழ வைப்பதற்காகச் செய்தது. உயிரைச் சுடுவதென்றால் இரண்டாவதுதான் எடுக்க வேண்டும், கூட்டம் சில மில்லிமீட்டர் பெரிதானாலும் பரவாயில்லை. நான் வேட்டையாடுபவள் இல்லை. ஆனால் சுட்டுக் காயத்தோடு விடுவது பாவம் என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது.

விரிவதற்கும் வேகம் வேண்டும். பல வேட்டைக் குண்டுகள் நொடிக்கு 1800 அடி அளவுக்குக் கீழே போனால் சரியாக விரியாது. பெட்டியில் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் 24 அங்குல பாரலில் அளந்தது. அண்ணன் ரைபிளின் பாரல் 16 அங்குலம். நூறு, இருநூறு அடி வேகம் அங்கேயே போய்விடும். 100 கெஜத்துக்கு சைட் வைத்த .308 குண்டு, 300 கெஜத்தில் முக்கால் முழத்துக்கும் மேல் கீழே விழும். ஆகவே பெட்டியை நம்பாமல், தன் பாரலில் வேகத்தை அளந்து, எந்தத் தூரத்துக்கு மேல் சுடக்கூடாது என்று ஒரு எல்லையை முதலில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றேன்.

செமி ஆட்டோமேட்டிக்கில் இன்னொரு சிக்கல், தோட்டா இலக்குக்கு மட்டும் பிடித்தால் போதாது, ரைபிளின் இயந்திரத்துக்கும் பிடிக்க வேண்டும். சுட்ட மருந்தின் வாயுவில் ஒரு பங்குதான் பின்னால் போய் அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. வாயு அழுத்தம் குறைந்தால் ஏறாமல் சிக்கும், கூடினால் பாகங்களை அடித்துத் தேய்க்கும். தோட்டாக்களை அடுக்கும் மெகசினுக்குள் அடங்கும் நீளம்தான் தோட்டாவின் நீளம். நுனி மெல்லிய ஈயமாக இருந்தால் ஏறும்போது இடித்துச் சப்பையாகும், பாலிமர் முனை வைத்தது அதைத் தாங்கும். அண்ணன் ஒவ்வொரு நாள் முடிவிலும் சேம்பரில் இருந்த தோட்டாவை வெளியே எடுத்து, மறுநாள் அதையே முதலாவதாக ஏற்றிக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப ஏற்றினால் குண்டு கேஸுக்குள் அமுங்கி அழுத்தம் ஏறும். அந்தப் பழக்கத்தை விடச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. அங்கே நடப்பதை இங்கே நினைத்துப் பார்க்கக்கூடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை என்பது பொழுதுபோக்கு அல்ல, குற்றம். .22 ரைபிளுக்கே 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். தொடங்குபவர்கள் கிளப் ரைபிளில், கிளப் தோட்டாவில், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுச் சுடுங்கள். ஒரு தோட்டாகூட மறதியாகப் பாக்கெட்டில் வீட்டுக்கு வரக்கூடாது. கிளம்பும் முன் ஜீன்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பது எனக்கு இன்றும் பழக்கம். 2010இல் மியூனிக்கில் இதே 50 மீட்டர் ப்ரோனில் உலகச் சாம்பியன் ஆனவர் நம் நாட்டுப் பெண் தேஜஸ்வினி சாவந்த். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதும் 50 மீட்டர் ரைபிளில்தான். காட்டைத் தேடாமலே போக வேண்டிய தூரம் நிறைய இருக்கிறது.

என் ஆறு பிரிக்கில் இப்போது ஒன்றரை மிச்சம். கிளப்புக்குப் போன வாரம் மூன்று புது லாட் வந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் மூன்றையும் சுட்டுப் பார்க்க வேண்டும். மணல் மூட்டையின் தையல் பிரிந்திருந்தது, நேற்று அப்பா அதைக் கோணி ஊசியால் தைத்து வைத்திருக்கிறார்.